தோட்டாக் கூட்டின் பித்தளைத் தரமும் ரைபிளின் துல்லியமும்: மறுநிரப்பலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ரைபிள் தோட்டாவின் பித்தளைக் கூடு, மறுநிரப்பல் என்னும் வழக்கத்தில், சுட்டபின் எறியப்படும் உறையாக இல்லாமல் பலமுறை பயன்படும் கருவியாகிறது. அந்நிலையில் பித்தளையின் தரம் என்பது அதன் வலிமையைக் காட்டிலும் அதன் ஒருசீர்மையையே குறிக்கிறது. இவ்வொருசீர்மை கலவை விகிதத்தால் மட்டும் அமைவதன்று. உலோகம் பட்ட அடி, கண்ட வெப்பம், கிடந்த இடம் ஆகியவற்றாலும் அமைவது. இதனைப் பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்கள் பிளந்த நிகழ்வைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பித்தளை, தோட்டாக் கூடு, மறுநிரப்பல், காய்ச்சி ஆற்றல், எச்சத் தகைவு, பருவப் பிளவு, தடயவியல்.

முன்னுரை

மயிலாப்பூர் மாடவீதிக் கடைகளிலும் தியாகராய நகரின் பாத்திரக் கடைகளிலும் பித்தளைப் பொருள்கள் இரு இனமாக விற்கப்படுகின்றன. குத்துவிளக்கும் மணியும் உருக்கி வார்க்கப்பட்டவை. குடமும் தாம்பாளமும் தகட்டை அடித்தோ அழுத்தியோ செய்யப்பட்டவை. வாங்குவோர்க்கு இரண்டும் பித்தளையே. உலோகவியல் நோக்கில் இவற்றிடையே பெரும் வேறுபாடு உண்டு. வார்ப்பு, உருகிய நிலையிலிருந்து உறைந்து அமைகிறது. அடித்த பொருளோ தான் பட்ட ஒவ்வோர் அடியையும் தன் உள்ளமைப்பில் தேக்கி வைத்திருக்கிறது. துப்பாக்கித் தோட்டாவின் கூடு இவ்விரண்டாம் இனத்தைச் சேர்ந்தது. குடத்தின் கழுத்தைச் சுருக்கும் கன்னார் எதிர்கொள்ளும் சிக்கலையே தோட்டாத் தொழிற்சாலையும் எதிர்கொள்கிறது.

இப்பொருளைத் தமிழில் எழுதப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படுவது சொல் இடர். குண்டு, ரவை, தோட்டா என்னும் மூன்று சொற்களும் செய்தித்தமிழில் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்குகின்றன. ‘மூன்று துப்பாக்கிக் குண்டுகள் கண்டெடுக்கப்பட்டன’ என்று ஒரு செய்தி கூறுமாயின், அவை சுடப்படாத தோட்டாக்களா, சுட்டபின் விழுந்த வெற்றுக் கூடுகளா, இலக்கில் பாய்ந்தவையா என்பது விளங்காது. வழக்குமன்றத்தில் இம்மூன்றும் மூன்று வேறு உண்மைகளைக் காட்டுவன. எனவே இக்கட்டுரையில், குழலை விட்டு வெளியேறிப் பறக்கும் உலோகம் ‘குண்டு’ எனவும், அதனையும் வெடிமருந்தையும் தாங்கும் பித்தளை உறை ‘கூடு’ எனவும், கூட்டின் அடியில் அமர்ந்து தீப்பொறி தரும் சிறு கிண்ணம் ‘எரியூட்டி’ எனவும், இவை யாவும் சேர்ந்த முழுப்பொருள் ‘தோட்டா’ எனவும் வழங்கப்படுகின்றன. ரவை என்பது வேட்டைத் துப்பாக்கியின் சிறுமணிகளுக்கே பொருந்துவதாகலின் இங்கு விலக்கப்பட்டது.

மறுநிரப்பல் என்பது சுட்ட கூட்டைத் துப்புரவு செய்து, பழைய எரியூட்டியை அகற்றி, அச்சில் அழுத்தி உரிய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய எரியூட்டியும் வெடிமருந்தும் குண்டும் சேர்த்து மீண்டும் தோட்டாவாக்குதல். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இலக்குச் சுடுநர் பலர் இதனை மேற்கொள்கின்றனர். சிக்கனம் ஒரு காரணம். தம் துப்பாக்கிக்கே உரிய அளவில் தோட்டாவை அமைத்துக்கொள்வது மற்றொன்று. போட்டியாளர்க்கு இதுவே முதன்மையானது.

எழுபதுக்கு முப்பது

தோட்டாக் கூட்டுக்கு உலகெங்கும் பெருவழக்காகக் கொள்ளப்படும் பித்தளை, நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்டது. உலோகவியலார் இதனைத் ‘தோட்டாப் பித்தளை’ என்றே பெயரிட்டழைப்பர். இவ்விகிதம் தற்செயலாக அமைந்ததன்று. துத்தநாகம் கூடக்கூடச் செம்பின் வலிமை உயர்கிறது. ஓர் எல்லைவரை அதன் நீட்சித்தன்மையும் உடன் உயர்கிறது. நூற்றுக்கு 30 பங்கை ஒட்டிய நிலையில் நீட்சித்தன்மை உச்சத்தை எய்துகிறது. துத்தநாகம் நாற்பதை நெருங்கும்போது கடினமான இரண்டாவது உட்கட்டமைப்பு தோன்றிக் குளிர்நிலையில் ஆழமாக இழுக்க இடந்தராது.

கலப்படத்தின் பங்கும் சிறிதன்று. வார்ப்புப் பித்தளையில் கடைசல் எளிதாகும் பொருட்டுக் காரீயம் சேர்ப்பதுண்டு. விளக்குக்கு அது குற்றமன்று. தோட்டாப் பித்தளையிலோ காரீயம் நூற்றுக்கு 0.07 பங்கையும் இரும்பு 0.05 பங்கையும் மிகலாகாது என்பது தர வரையறை. பித்தளையில் கரையாத காரீயம் துளித்துளியாகத் தங்கி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புக்கு இழுக்கப்படும் சுவரில் பலவீனப் புள்ளியாகிவிடும்.

வில்லையிலிருந்து கூடு வரை

தடித்த பித்தளைப் பட்டையிலிருந்து வட்ட வில்லை வெட்டப்பட்டுக் கிண்ணமாக அழுத்தப்படுகிறது. கிண்ணம் படிப்படியாக அச்சுகளின் வழியே இழுக்கப்பட்டு, நீண்ட குழாயாகிறது. ஒவ்வோர் இழுப்பிலும் பித்தளை இறுகுகிறது. இறுகிய பித்தளையை மேலும் இழுத்தால் அது கிழியும். ஆகவே இழுப்புகளுக்கிடையே அதனைக் காய்ச்சி ஆற்ற வேண்டும். வெப்பத்தில் பழைய படிகமணிகள் அழிந்து புதிய மணிகள் பிறக்கின்றன. உலோகம் மீண்டும் இளகிய பதத்தை அடைகிறது.

கன்னார் பட்டறையிலும் இதுவே முறை. அடித்து இறுகிய தகட்டைச் செந்தணலிற் காய்ச்சி, நீரில் தோய்த்து, மறுபடி அடிப்பர். இரும்பைக் காய்ச்சி நீரில் தோய்க்கும் கொல்லர் அதனைக் கடினமாக்குகிறார். கன்னாரோ அதே செயலால் பித்தளையை மென்மையாக்குகிறார். உண்மையில் பித்தளையை மென்மையாக்குவது வெப்பமே. நீர் அதனை விரைவில் கையாளத்தக்கதாக ஆற்றித் தருவதன்றி வேறொன்றும் செய்வதில்லை.

குழாயான பின், அடிப்பகுதி பெருவிசையுடன் நசுக்கப்பட்டு எரியூட்டிக் குழியும் தொழிற்சாலையின் முத்திரையும் பெறுகிறது. மகாராட்டிரத்தின் கட்கித் தொழிற்சாலையில் ஆன கூடுகளில் காணப்படும் ‘கே.எப்.’ என்னும் எழுத்துகள் இவ்வகை முத்திரையே. 1869இல் நிறுவப்பட்ட அத்தொழிற்சாலையின் பழைய பெயரான ‘கிர்க்கி’யை அது நினைவூட்டுகிறது. அடியை முடித்தபின் மேற்பகுதியைக் குறுக்கித் தோளும் கழுத்தும் அமைப்பர். இறுதியாகக் கழுத்து மட்டும் தனியே காய்ச்சப்படுகிறது.

இவ்வாறு முடிவுற்ற கூடு ஒரே பொருளாகத் தோன்றினும் உலோகநிலையால் ஒன்றன்று. அடி மிகக் கடினம், உடல் இடைப்பட்டது, கழுத்து மென்மை. படைத்துறைக் கூடுகளின் கழுத்திலும் தோளிலும் காணப்படும் நீலமும் பழுப்பும் கலந்த நிறமாற்றம், கழுத்தைக் காய்ச்சியதன் அடையாளம். புதிதாகப் பார்ப்போர் அதனைக் கறையெனக் கருதுவர். வணிகத் தயாரிப்பாளர் பலர் அதனை மெருகிட்டு நீக்கிவிடுவதால், மெருகு குன்றிய கூடு தரம் குறைந்ததென்னும் தவறான எண்ணம் பரவியுள்ளது.

சுடும் கணத்தில் நிகழ்வது

7.62 மில்லிமீட்டர் ரைபிளின் தோட்டா அறையில் எழும் உச்ச அழுத்தம் 400 மெகாபாஸ்கல் அளவுடையது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 4,000 மடங்கு. இவ்வழுத்தத்தில் கூட்டின் மெல்லிய சுவர் வெளிநோக்கி விரிந்து, எஃகு அறையின் சுவரோடு ஒட்டி, புகை பின்னே கசியாதவாறு அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் அதே சுவர் சிறிது உள்வாங்க வேண்டும். அன்றேல் கூடு அறையைவிட்டு வெளிவராது.

அடைத்தலும் விடுதலும் ஆகிய இவ்விரு முரண்பணிகளையும் ஒரே உலோகம் செய்வதில்தான் பித்தளையின் சிறப்பு உள்ளது. இறுகிய தோட்டாப் பித்தளை ஏறத்தாழ 450 மெகாபாஸ்கல் தகைவுவரை தாங்கும். அதன் யங் குணகம் 110 கிகாபாஸ்கல். முன்னதைப் பின்னதால் வகுத்தால், நிலையான உருமாற்றமின்றி அது நூற்றுக்கு 0.4 பங்கு விரிந்து மீளும் என அறியலாம். அதே வலிமையுடைய எஃகின் யங் குணகம் ஏறக்குறைய இரு மடங்காதலால் அது பாதியளவே மீளும். முற்றும் காய்ச்சி இளக்கிய பித்தளையோ 0.1 பங்குகூட மீளாது. ஆதலின் ‘நல்ல பித்தளை’ என்பதை மென்மையான பித்தளை என்றோ கடினமான பித்தளை என்றோ சுருக்கிவிட இயலாது. எந்த இடத்தில் எந்தப் பதம் என்பதே வினா.

உலோகத்தில் நம்பிக்கை வைக்கலாகாத ஒரு காலமும் இருந்தது. கர்னல் பாக்ஸர் வுல்விச் ஆயுதச்சாலையில் 1860களில் வடிவமைத்த தோட்டாக் கூடு, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டது. மார்ட்டினி-ஹென்றி ரைபிளுக்கும் இச்சுருட்டுக் கூடே பயன்பட்டது. 1884–85 சூடான் போரில், மணலிலும் சூட்டிலும் இக்கூடுகள் அறையில் சிக்கிக் கிழிந்து, வீரர்களைக் கைவிட்டன. முழுத்தகட்டிலிருந்து இழுத்த கூட்டுக்குப் பிரிட்டிஷ் படை மாறியதற்கு இத்தோல்வி முக்கியக் காரணம்.

துல்லியத்தில் கூட்டின் பங்கு

துல்லியம் என்பது இங்கே குறிச்செறிவைச் சுட்டுகிறது. ஒரே நிலையில் சுட்ட பல குண்டுகள் இலக்கில் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதே அதன் அளவு. எல்லாக் குண்டுகளும் ஒரே வகையில் பிழைத்தால் காட்சியமைப்பைத் திருத்திவிடலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் பிழைத்தால் திருத்த வழியில்லை. கூடு இதில் பெரிதும் மூன்று வழிகளில் தலையிடுகிறது.

முதலாவது கழுத்தின் பிடி. குண்டைப் பற்றியிருக்கும் கழுத்து, வெடிமருந்து எரியத் தொடங்கியதும் அதனை விடுவிக்கிறது. எந்த அழுத்தத்தில் விடுவிக்கிறது என்பதைப் பொறுத்து எரிதலின் போக்கும், அதன்வழியாகக் குண்டின் வேகமும் மாறும். ஒரு கழுத்து இறுகியும் மற்றொன்று இளகியும் இருப்பின், வெடிமருந்தை எவ்வளவு கவனமாக நிறுத்தாலும் பயனில்லை. இறுகிய பித்தளை அச்சிலிருந்து வெளிவந்ததும் மிகுதியாக மீளும். இளகியது அச்சின் அளவிலேயே நிற்கும். ஒரே அச்சில் அழுத்திய இரு கூடுகளின் கழுத்து விட்டம் வேறுபடுவதற்கு இதுவே காரணம். மறுநிரப்புநர் பலர் அச்சைக் குறைகூறுவர். குற்றம் பெரும்பாலும் உலோகத்தின் பதத்தில் இருக்கும்.

இரண்டாவது சுவர்த்தடிப்பின் சமன்மை. இழுப்பின்போது அச்சும் அதன் உட்கோலும் சிறிது விலகினாலும், குழாயின் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் அமையும். அத்தகைய கூட்டின் கழுத்தில் அமர்ந்த குண்டு, குழலின் அச்சுக்கோட்டிலிருந்து விலகி நிற்கும். குழலின் சுழல்வரிக்குள் கோணலாகப் புகுந்த குண்டு பறக்கும்போதும் சற்றே தள்ளாடும். மெலிந்த புறம் சுடுந்தோறும் மிகுதியாக நீள்வதால் கூடும் வாழைக்காய்போல் மிகச் சிறிதளவு வளையக்கூடும். இக்குறை மறுநிரப்பலால் தீராது, வளரவே செய்யும்.

மூன்றாவது உட்கொள்ளளவு. புற அளவில் ஒத்த இரு கூடுகள் உள்ளே ஒத்திருக்க வேண்டுமென்பதில்லை. படைத்துறையின் 7.62 மில்லிமீட்டர் கூடுகள், அவற்றை ஒத்த வணிகக் கூடுகளைவிடத் தடித்த சுவர் கொண்டிருப்பது பொதுவாகக் காணப்படுவது. தடித்த சுவர் உள்ளிடத்தைக் குறைக்கும். குறைந்த இடத்தில் அதே அளவு மருந்து எரிந்தால் அழுத்தம் உயரும். இது துல்லியத்தைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, அபாயத்திலும் முடியக்கூடும். வெவ்வேறு தொழிற்சாலைகளின் கூடுகளைக் கலக்கலாகாது என்னும் விதி இதிலிருந்து பிறந்தது. எடையைக் கொண்டு கூடுகளைப் பிரிக்கும் வழக்கமும் உண்டு. ஆயினும் எடை வேறுபாடு அடிப்பகுதியின் வெளிவிளிம்பு கடையப்பட்ட அளவாலும் ஏற்படும் என்பதால், அது உள்ளளவுக்கு நேரான அளவுகோலாகாது. தண்ணீரை நிரப்பி அளத்தலே நம்பத்தக்கது.

இவற்றின் பயனை எண்ணளவில் காண்பது நன்று. விநாடிக்கு 800 மீட்டர் வேகத்திற் புறப்படும் குண்டு, காற்றுத்தடையை நீக்கிப் பார்த்தால், 300 மீட்டர் தொலைவைக் கடப்பதற்குள் 69 சென்டிமீட்டர் தாழும். வேகம் 790 ஆகக் குறைந்தால் மேலும் 1.8 சென்டிமீட்டர் தாழும். பன்னாட்டு 300 மீட்டர் இலக்கின் நடுவட்டம் 10 சென்டிமீட்டர் விட்டமுடையது. ஆகவே இவ்வேறுபாடு மட்டும் ஒரு சுடுநரைத் தோற்கடிக்காது. தொலைவு 900 மீட்டராகும்போது தாழ்வு வேறுபாடு ஒன்பது மடங்காகி 16 சென்டிமீட்டரை எட்டும். காற்றுத்தடையைச் சேர்த்தால் இன்னும் மிகும். கூட்டின் ஒருசீர்மை குறித்து நெடுந்தொலைவுச் சுடுநர் காட்டும் அக்கறையும், குறுந்தொலைவு வேட்டைக்காரர் காட்டும் அலட்சியமும், இரண்டுமே நியாயமானவை என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. நூறு மீட்டருக்குள் சுடுபவர் கூடுகளை எடைபோட்டுப் பிரிப்பது பெரும்பாலும் வீண் உழைப்பே.

இந்தியாவின் ஒலிம்பிக் சுடுநர்க்கு இச்சிக்கல் நேரே எழுவதில்லை என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். அதில் தோட்டாவே இல்லை. 50 மீட்டர் போட்டிகளுக்குரிய .22 தோட்டாவில் எரியூட்டும் கலவை கூட்டின் அடிவிளிம்பு மடிப்பினுள்ளேயே இடப்பட்டிருக்கும். சுடும்போது அம்மடிப்பு நசுங்கிவிடுவதால் அதனை மறுபடி நிரப்புவது நடைமுறைக்கு ஒவ்வாது. அப்போட்டியாளர் வேறு வழியில் ஒருசீர்மையைத் தேடுவர்: தயாரிப்புத் தொகுதிகள் பலவற்றைத் தம் துப்பாக்கியிற் சுட்டுப் பார்த்து, ஒத்துவரும் தொகுதியை மொத்தமாக வாங்கிக்கொள்வர்.

மழைக்காலத்தில் பிளந்த தோட்டாக்கள்

பித்தளையின் தரத்தைக் கலவை விகிதத்தால் மட்டும் மதிப்பிட இயலாது என்பதற்கு உலக உலோகவியல் நூல்கள் எடுத்துக்காட்டும் முதற்சான்று இந்தியாவைச் சார்ந்தது. பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் நடவடிக்கைகளைக் குறைத்துக்கொண்டு, தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைப்பது வழக்கம். மழை ஓய்ந்து எடுத்துப் பார்க்கையில் பல தோட்டாக்களின் கூடுகள் பிளந்திருந்தன. யாரும் அவற்றைச் சுடவில்லை, அடிக்கவுமில்லை. கூடுகள் தாமாகவே வெடித்திருந்தன. இதற்குப் ‘பருவப் பிளவு’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் வழங்கலாயிற்று.

காரணம் 1921இல்தான் தெளிவாயிற்று. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் அவ்வாண்டு வெளியிட்ட ஆய்வு, பிளவுக்கு இரண்டு காரணிகள் ஒருங்கே வேண்டும் என்று காட்டியது. ஒன்று, லாயத்தில் குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா. மற்றொன்று, குளிர்நிலையில் இழுத்தபோது பித்தளைக்குள்ளேயே தங்கிவிட்ட எச்சத் தகைவு.

அம்மோனியா ஈரத்தோடும் காற்றின் ஆக்சிஜனோடும் சேர்ந்து செம்பைக் கரைக்கும். கரைதல் பரப்பெங்கும் சீராக நிகழ்ந்திருந்தால் கூடு சற்றே கறுத்திருக்கும், அவ்வளவே. ஆனால் உலோகம் உள்ளிருந்தே விரிந்து பிரிய முனைந்துகொண்டிருக்கும் இடத்தில், அரிப்பு படிகமணிகளின் எல்லைகளைப் பற்றி ஆழமாக இறங்குகிறது. கீறல் சிறிது திறந்ததும் தகைவு அதனை மேலும் பிளக்கிறது. பிளந்த இடத்தில் புதிய உலோகம் அரிப்புக்கு ஆட்படுகிறது. குண்டை இறுகப் பற்றியிருக்கும் கழுத்தின் சுவர் எப்போதும் சுற்றுவாட்டில் இழுபட்ட நிலையில் இருப்பது. பிளவு அங்கே மிகுதியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

தீர்வு எளியதாயிருந்தது. வடிவமைத்தபின் கூட்டை 250 முதல் 300 பாகை செல்சியஸ் அளவில் மிதமாகச் சூடாக்கினால், கடினம் பெரிதும் குன்றாமலே எச்சத் தகைவு தணிந்துவிடும். மெர்க்குரச நைட்ரேட் கரைசலில் தோய்த்துத் தகைவைக் கண்டறியும் சோதனையும் வழக்கிற்கு வந்தது. தகைவு எஞ்சிய பித்தளை அக்கரைசலில் விரைவிற் பிளந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

இச்சான்று சென்னைக்கு அயலானதன்று. கடற்காற்றின் ஈரமும், ஐப்பசி கார்த்திகை அடைமழையும், அம்மோனியா கலந்த துப்புரவுப் பொருள்களும் வீடுதோறும் உள்ள நகரம் இது. மயிலாப்பூர் வீடுகளில் வெள்ளிக்கிழமைக்கு முன் விளக்கு துலக்கப் புளி பயன்பட்டது. அதன் அமிலம் பித்தளையின் மேற்படலத்தை மட்டும் கரைக்கும். கடையில் வாங்கும் உலோக மெருகுக் குழம்புகள் சிலவற்றில் அம்மோனியா உண்டு. வார்ப்பு விளக்கில் எச்சத் தகைவு குறைவாதலால் அக்குழம்பால் பெருந்தீங்கு நேர்வதில்லை. தோட்டாக் கூட்டுக்கோ அதுவே லாயத்தின் வேலையைச் செய்துவிடும். மறுநிரப்புநர் அம்மோனியா கலந்த மெருகைத் தவிர்க்கவேண்டும் என்னும் எச்சரிக்கை இதனால் எழுந்தது. கண்ணுக்குப் புலப்படாத மயிரிழைக் கீறல்கூடக் கழுத்தின் பிடியை ஒருபுறமாக்கிவிடும். துல்லியம் குலைவது முதலில், கூடு பிளப்பது பின்னர்.

மறுநிரப்பலில் பித்தளையின் முதுமை

ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது. ஒவ்வொரு முறை அச்சில் அழுத்தும்போதும் சுருங்குகிறது. விரிதலும் சுருங்குதலும் குளிர்வேலையே. சில சுற்றுகளில் கழுத்து இறுகி, பிடி மாறி, இறுதியில் நெடுக்குவாட்டில் வெடிக்கும். இதனைத் தள்ளிப்போடக் கழுத்தை மட்டும் காய்ச்சி ஆற்றுவர். குறைவாகக் காய்ச்சினால் பயனில்லை. மிகையாகக் காய்ச்சினால் படிகமணிகள் பருத்துக் கழுத்து வலுவிழக்கும்; அவ்வாறு கெட்டதை மறுபடி காய்ச்சித் திருத்த இயலாது. வெப்பம் அடிப்பகுதிக்குப் பரவினால் விளைவு கொடியது. பெருமழுத்தத்தைச் சுவரின் துணையின்றித் தாங்கும் அப்பகுதி இளகிவிட்டால், கூடு சுடுநரின் முகத்தருகே கிழிந்து சூடான வாயுவைப் பின்னோக்கி விடும். கழுத்து இளகியும் அடி இறுகியும் இருக்கவேண்டும் என்னும் தொழிற்சாலை நியதியை மறுநிரப்புநரும் மீற இயலாது.

அடிக்குச் சற்று மேலே வேறொரு முதுமை உருவாகிறது. சுடும்போது மெல்லிய மேற்சுவர் அறையோடு ஒட்டிக்கொள்ள, தடித்த அடி பின்னே தள்ளப்படுகிறது. இரண்டும் சந்திக்கும் வளையத்தில் உலோகம் நீண்டு மெலிகிறது. அறை தாராளமாகக் கடையப்பட்டிருந்தால் மெலிவு விரைவாகும். போர்க்களச் சேற்றிலும் தடையின்றி இயங்கவேண்டி அவ்வாறே கடையப்பட்ட .303 லீ-என்பீல்டு ரைபிள்களில் இக்குறை பெயர்பெற்றது. கூட்டின் வெளிப்புறத்தில் மெல்லிய பளபளப்பான கோடு தோன்றுவது முதல் அறிகுறி. அதன் பிறகும் நிரப்பப்படும் கூடு, அடி தனியாகவும் உடல் தனியாகவும் பிரியும் நாளை எதிர்நோக்கியிருப்பது.

எல்லாக் கூடுகளும் மறுநிரப்பலுக்கு இசைவன அல்ல. பாக்ஸர் வகை எரியூட்டிக் குழியில் நடுவே ஒரு தீத்துளை உண்டு. ஊசியால் உள்ளிருந்து தள்ளினால் பழைய எரியூட்டி விழுந்துவிடும். பெர்டன் வகையில் ஓரமாக இரு சிறு துளைகள் இருப்பதால் அவ்வழி அடைபடுகிறது. ஆங்கிலேயரான பாக்ஸரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரான பெர்டனின் முறை பிரிட்டிஷ் படைத்தோட்டாக்களிலும் நிலைபெற்றது வரலாற்றின் வேடிக்கை. பாதரசம் கலந்த பழைய எரியூட்டிகள் வேறொரு தீமை செய்தன: சுட்டபின் எஞ்சும் பாதரசம் பித்தளையினுட் புகுந்து அதனை நொறுங்கச் செய்யும். அத்தகைய கூடு பார்வைக்கு எத்துணைப் புதிதாயினும் மீண்டும் பயன்படாது.

கூடும் சட்டமும் தடயமும்

இந்தியாவில் மறுநிரப்பல் தனியார் பொழுதுபோக்காக வளராமைக்குச் சட்டம் முதற்காரணம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 2ஆம் பிரிவில், தோட்டாவின் பகுதிகளையும் அவற்றைச் செய்யும் பொறிகளையும் ‘வெடிபொருள்’ என்னும் வரையறைக்குள்ளேயே அடக்குகிறது. உற்பத்திக்கு 5ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். பிற உறுப்புகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமின்றிச் சிறு பகுதிகளை வைத்திருப்போர்க்கு 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஆகவே அலமாரியில் நினைவுப்பொருளாக நிற்கும் வெற்றுக் கூடும், எரியூட்டியும் மருந்தும் அருகிருக்க நிரப்பலுக்குக் காத்திருக்கும் கூடும், உலோகத்தால் ஒன்றாயினும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைத் தமிழில் எழுதும் காவல்துறை ஆவணமும் செய்தியும் ‘குண்டு’ என்னும் ஒரே சொல்லால் மறைத்துவிடுவது சிறு குறையன்று.

மயிலாப்பூர் காமராசர் சாலையில் கடலை நோக்கியவாறு தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தலைமை ஆய்வகம் உள்ளது. 1849இல் சென்னையில் ஏற்பட்ட இரசாயன ஆய்வாளர் பதவியில் தன் தொடக்கத்தைக் காணும் துறை அது. இத்தகைய ஆய்வகத்திற்கு வரும் வெற்றுக் கூட்டில் துப்பாக்கியின் ஊசி குத்திய குழி, பின்சுவர் பதித்த கீற்று, கூட்டை இழுத்தெறியும் கொக்கியின் கீறல் ஆகியவை ஒப்புநோக்கி வழியே படிக்கப்படுகின்றன. எஃகைவிட மென்மையானதாகையால் பித்தளை இவற்றை ஏற்கிறது; இளகி அழியாத அளவு இறுகியதாகையால் அவற்றைக் காக்கிறது. கூடு மறுநிரப்பப்பட்டதாயின் வாசிப்பு கடினமாகிறது. எரியூட்டி மாற்றப்பட்டதால் ஊசிக்குழி புதியது ஒன்றே இருக்கும். ஆனால் கொக்கியின் கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கும். கழுத்தில் அச்சு உரசிய நெடுங்கோடுகள் காணப்படும். எரியூட்டிக் குழியின் விளிம்பு தளர்ந்திருக்கும். முந்தைய கீறல் வேறொரு துப்பாக்கியினுடையதாக இருக்கலாம். எது முந்தியது, எது பிந்தியது என்று பிரித்தறியாமல் அக்கூட்டை எந்தத் துப்பாக்கியோடும் இணைத்துச் சான்றுரைக்க இயலாது.